ஒரு கட்டுரையின் வாதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுகொள்வது எவ்வாறு?

கேள்வி: ஓரக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம்.

தலையங்கங்களையும் கருத்துக் கட்டுரைகளையும் நெடுங்காலமாக வாசித்து வருகிறேன். நன்றாக எழுதப்பட்ட ஒன்றை வாசித்து முடிக்கும்போது எழுதியவரின் முடிவை நானும் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் மறுநாள் யாரேனும் அதே கருத்தை மறுத்துப் பேசினால், அதை ஏன் ஏற்றுக்கொண்டேன் என்று என்னால் எடுத்துச் சொல்ல இயலுவதில்லை. கட்டுரையில் இருந்த ஒரு புள்ளிவிவரமோ ஒரு நிகழ்ச்சியோ நினைவுக்கு வருகிறதே தவிர, அவை அந்த முடிவை எவ்வாறு தாங்கி நின்றன என்பது பிடிபடுவதில்லை.

நானே எழுத முற்படும்போது இதன் மறுபக்கம் தெரிகிறது. காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறேன். வாசிப்பவர்கள் "எல்லாம் சரிதான்" என்கிறார்கள். ஆயினும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை. காரணம் போதவில்லையோ என்று எண்ணி மேலும் சிலவற்றைச் சேர்த்தால், கட்டுரை நீள்கிறது, விளைவு மாறுவதில்லை.

தருக்கப் போலிகளைப் பட்டியலிட்டு விளக்கும் நூல்களைப் படித்துப் பார்த்தேன். தவறான வாதத்துக்குப் பெயர் சூட்ட அவை உதவுகின்றன. நல்ல வாதம் ஏன் நல்லதாக இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. பிறர் எழுதியதை வாசிக்கும்போது அதன் கட்டுமானத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை ஏதேனும் உண்டா? அதைத் தெரிந்துகொண்டால் என் எழுத்தும் திருந்தும் என்று நம்புகிறேன்.

பதில்: இடைவரி

ஓரக்குறிப்பு அவர்களுக்கு,

போலிகளின் பட்டியலைப் பற்றித் தாங்கள் சொன்னதை ஏற்கிறேன். நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்தவருக்கு உடல் இயங்கும் விதம் தெரிந்துவிடுவதில்லை.

நான் பின்பற்றும் முறை மிக எளியது. கட்டுரையை ஒருமுறை இடைநிறுத்தாமல் வாசித்துவிட்டு அதை அப்பால் வைத்துவிடுவேன். பிறகு, எழுதியவர் என்னை எதை நம்பச் சொல்கிறார் அல்லது எதைச் செய்யச் சொல்கிறார் என்பதை ஒரே வாக்கியமாக எழுதுவேன். அந்த வாக்கியம் "இது நூலகங்களைப் பற்றிய கட்டுரை" என்று முடிந்தால் நான் கண்டது தலைப்பை மட்டுமே. "பொது நூலகங்கள் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும்" என்று முடிந்தால் அதுதான் கூற்று. பல கட்டுரைகளில் இந்த வாக்கியம் எழுதியவராலேயே எங்கும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்காது என்பதால், இந்த முதற்படியே சில நேரங்களில் கடினமாக இருக்கும்.

அடுத்து, அந்தக் கூற்றுக்கு அவர் தரும் காரணங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். "பகலில் வேலைக்குச் செல்வோர் இப்போதைய நேரத்தில் நூலகத்துக்கு வர இயலவில்லை" என்பது காரணம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கூற்றையும் காரணத்தையும் அருகருகே வைத்து, காரணத்திலிருந்து கூற்றுக்குச் செல்ல வேறு எவற்றையெல்லாம் நம்பியிருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். குறைந்தது இரண்டு வாக்கியங்கள் வெளிப்படும். நேரம் வாய்த்தால் அவர்கள் வருவார்கள் என்பது ஒன்று. வர விரும்பியும் வர இயலாதவர்களுக்கு வழி செய்து கொடுப்பது பொது நூலகத்தின் கடமை என்பது மற்றொன்று. இரண்டும் கட்டுரையில் இல்லை. ஆனால் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாதம் நிற்காது. இவற்றுள் முன்னது உண்மையா இல்லையா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய செய்தி. பின்னது ஒரு மதிப்பீடு. எந்தச் சான்றைக் கொண்டு எதை நிறுவ முடியும் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

பிரித்தானியத் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்த இணைப்பு வாக்கியத்தை வாதத்தின் தனி உறுப்பாகப் பிரித்துக் காட்டினார். கூற்று, தரவு, இரண்டையும் இணைக்கும் பிணைப்பு, அந்தப் பிணைப்புக்கான ஆதரவு, "பெரும்பாலும்" என்பது போல உறுதியின் அளவைக் காட்டும் வரையறைச் சொல், "இன்ன நிலையில் பொருந்தாது" என்னும் விலக்கு ஆகிய ஆறும் அவர் சொல்லும் உறுப்புகள். அன்றாட வாதத்துக்கு முன்மாதிரியாக அவர் கணித நிறுவலைக் கொள்ளாமல் வழக்குமன்ற வாதத்தைக் கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. வழக்கில் எதுவும் முழு உறுதியுடன் நிறுவப்படுவதில்லை; எதிர்ப்பைத் தாங்கும் அளவுக்கு நிறுவப்படுகிறது.

ஆனால் பிணைப்பு ஏன் எழுதப்படாமலே விடப்படுகிறது என்பதற்கு விடை அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. டோரியஸ் ஒலிம்பியாவில் வென்றான் என்று சொன்னால் போதும், அங்கே வென்றவனுக்கு இலைமுடி பரிசு என்று சேர்க்க வேண்டியதில்லை, அது எல்லோரும் அறிந்தது என்கிறார் அவர். கேட்பவர் அறிந்திருப்பதைச் சொல்பவர் விட்டுவிடுகிறார். கேட்பவர் அதைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். தாமே நிரப்பியது என்பதால் அதை அவர் ஐயுறுவதும் இல்லை. தாங்கள் மறுநாள் காரணத்தை எடுத்துச் சொல்ல இயலாமல் திகைப்பது இதனால்தான் என்று கருதுகிறேன். அந்த முடிவைத் தாங்கி நின்ற வாக்கியம் கட்டுரையில் இல்லை, தங்களிடமே இருந்தது. கட்டுரையாளர் செய்ததெல்லாம் அதைத் தட்டி எழுப்பியது மட்டுமே. தங்களுக்குப் புள்ளிவிவரம் மட்டும் நினைவிருப்பதில் வியப்பில்லை.

ஆகவே வாசிக்கும்போது ஓரத்தில் எழுத வேண்டியவை எழுதப்படாத வாக்கியங்களே. எழுதப்பட்டவற்றின் அடியில் கோடிடுவதால் பெரிய பயன் இல்லை.

பதில்: மறுதலை

இடைவரி அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். அது "காரணங்களை மேலும் சேர்த்தும் பயனில்லை" என்று ஓரக்குறிப்பு அவர்கள் சொன்னதற்கு நேரான விடையாக அமையும்.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் அளவை நெறியை, அதாவது தருக்க முறையை, கற்பிக்கும் பகுதி வருகிறது. "இம்மலை நெருப்புடைத்து" என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. "புகையுடைத்து ஆதலால்" என்பது ஏது, அதாவது காரணம். "அடுக்களை போல்" என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. பலரும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அடிகள் நிறுத்துவதில்லை. நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, புனலைப் (நீரைப்) போல என்று எதிர்மறை எடுத்துக்காட்டு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறார். அடுக்களை மட்டும் இருந்தால் புகையும் நெருப்பும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கக் கண்டோம் என்றுதான் ஆகும். புனலும் சேர்ந்த பிறகே ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்னும் உறவு உறுதிப்படுகிறது. நாம் எழுதும் கட்டுரைகளில் அடுக்களைகள் பத்து இருக்கும். புனல் ஒன்றுகூட இருக்காது. பதினோராவது அடுக்களையைச் சேர்ப்பதால் வாதம் வலுப்பெறாமல் போவது இதனால்தான்.

இதை எழுத்தில் செய்து காட்டியவர்களுள் ஆங்கில மருத்துவர் ஜான் ஸ்னோவை முதலில் சொல்வேன். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் வாந்திபேதி (காலரா) கடுமையாகப் பரவியது. நோய் கெட்ட காற்றினால் பரவுகிறது என்பதே அக்காலத்து மருத்துவர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை. பிராட் தெருவின் அடிகுழாய் நீரே காரணம் என்பது ஸ்னோவின் கூற்று. அந்தக் குழாயைச் சுற்றி வாழ்ந்தோர் பெருமளவில் இறந்தார்கள் என்பதை மட்டும் அவர் எழுதியிருந்தால், அங்கே காற்றும் கெட்டிருந்தது என்று எதிர்த்தரப்பார் எளிதாகச் சொல்லியிருப்பார்கள். ஒரே தரவு இரண்டு கருத்துகளுக்கும் சமமாகப் பொருந்தும்போது அது எதையும் நிறுவுவதில்லை.

1855-இல் வெளிவந்த தம் நூலின் விரிவாக்கப்பட்ட பதிப்பில் ஸ்னோ என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்தக் குழாய்க்கு அருகிலேயே இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஐவர் மட்டுமே வாந்திபேதியால் இறந்தனர். அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு மதுவடிசாலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களுக்கு அங்கேயே மது கிடைத்ததால் தெருக்குழாய் நீரை அவர்கள் பருகவில்லை. அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. இவை இரண்டும் புனல் எடுத்துக்காட்டுகள். காற்று ஒன்றே, நீர் வேறு. மறுபக்கம், நோயே பரவியிராத தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு கைம்பெண் வாந்திபேதியால் இறந்தார். பிராட் தெரு நீரின் சுவை பிடித்திருந்ததால் அவர் அதை நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். இங்கே காற்று வேறு, நீர் ஒன்றே. இந்த மூன்று செய்திகளும் அளவில் மிகச் சிறியவை. ஆயினும் அந்த வட்டாரத்தின் மொத்த இறப்பு எண்ணிக்கை செய்ய இயலாததை இவை செய்கின்றன. போட்டியாக நிற்கும் விளக்கத்தை இவை வெளியேற்றுகின்றன.

எனவே ஒரு கட்டுரையைப் பிரித்துப் பார்க்கையில் "இவர் தம் கருத்துக்கு எத்தனை சான்றுகள் தருகிறார்?" என்று எண்ண வேண்டாம். "இதே சான்றுகளை வைத்துக்கொண்டு வேறொரு முடிவுக்கு வர முடியுமா? முடியுமானால் அந்த வழியை இவர் எங்கே அடைக்கிறார்?" என்று தேடுங்கள். அடைக்கும் இடம் இருந்தால் வாதத்தின் வலிமை அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் தாங்கள் இணங்கியது அவருடைய நடையழகுக்கு.

பதில்: எழுதுகோல்

மேலே உள்ள இரண்டு பதில்களும் மிகவும் பயனுள்ளவை. ஆனால் இருவரும் வாதத்தை அதன் எலும்புக்கூடாகக் குறுக்கிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. மறுதலை அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். அவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்ட ஸ்னோவின் வாதத்தைப் பொதுச் சுகாதார வாரியம் அமைத்த அறிவியல் குழு ஏற்கவில்லை. அதே பகுதியில் பணியாற்றிய ஹென்றி வைட்ஹெட் என்னும் பாதிரியாரும் தொடக்கத்தில் ஏற்கவில்லை. ஸ்னோ சொன்னது தவறு என்று காட்டும் நோக்கத்துடன் வீடு வீடாக விசாரித்த பிறகே அவர் மனம் மாறினார். வாதம் சரியாக இருப்பது வேறு, வாசிப்பவர் இணங்குவது வேறு. ஓரக்குறிப்பு அவர்கள் கேட்டது இரண்டாவதையும் சேர்த்துத்தான்.

இணங்க வைப்பதில் வரிசைக்கு இருக்கும் பங்கு பெரிது. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் இயற்கைத் தேர்வைப் பற்றியது. ஆனால் அதன் முதல் இயல் இயற்கைத் தேர்வைப் பற்றியது அன்று. மனிதர் வளர்க்கும் செடிகளையும் விலங்குகளையும், குறிப்பாகப் புறாக்களையும் பற்றியே அவர் பேசத் தொடங்குகிறார். வளர்ப்போர் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதால் ஓரினத்துக்குள்ளேயே பெரும் வேறுபாடுகள் தோன்றுகின்றன என்பதை அன்றைய வாசகர் எவரும் மறுத்திருக்க மாட்டார். மறுக்க இயலாத அந்த இடத்தில் வாசகரை நிறுத்திக்கொண்டு, பிறகு படிப்படியாக மறுக்கக்கூடிய இடத்துக்கு அழைத்துச் செல்கிறார். இடைவரி அவர்கள் சொன்ன பிணைப்பை வாசகர் தாமே வைத்திருக்கும்படி முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுகிறார் என்றும் இதைச் சொல்லலாம்.

ஆறாம் இயலுக்கு வரும்போது தம் கோட்பாட்டுக்கு எதிரான இடர்ப்பாடுகளை அவரே எடுத்து வைக்கிறார். இந்த இடத்தை எட்டுவதற்கு வெகு முன்பே வாசகர் மனத்தில் பல ஐயங்கள் எழுந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டு தொடங்கும் இயல் அது. கண் போன்ற நுட்பமான உறுப்பு இயற்கைத் தேர்வால் உருவாகியிருக்கும் என்பது நம்பவே இயலாததாகத் தோன்றுகிறது என்று எதிர்ப்பை அதன் முழு வலிமையுடன் சொல்லிவிட்டு, அதன் பிறகே எளிய கண்ணிலிருந்து நுட்பமான கண் வரையுள்ள படிநிலைகளைக் காட்டி விடையளிக்கிறார். அந்த எதிர்ப்பை மெலிதாக்கிச் சொல்லியிருந்தால், விடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசகர் தம் மனத்திலுள்ள வலுவான எதிர்ப்புக்கு விடை வரவில்லை என்றே எண்ணுவார். அது நூலின் நடுவில் வருவதும் தற்செயல் அன்று. முதலிலேயே சொன்னால் ஐயம் முந்திக்கொள்ளும். இறுதியில் சொன்னால் மறைத்து வைத்தது போலாகும்.

நம் இலக்கண மரபும் இதை அறிந்திருந்தது. நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்களை, அதாவது கருத்து நிலைப்பாடுகளை, நன்னூல் சொல்கிறது. பிறர் கருத்தை உடன்படுதல், அதை மறுத்தல், பிறர் கருத்தை முதலில் மேற்கொண்டு பின்னர் களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறவற்றோடு படாமல் தன் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை. இவற்றுள் மறுத்தலும், மேற்கொண்டு களைதலும் தனித்தனியாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். வெறுமனே மறுப்பவர் வெளியே நின்று எறிகிறார். மேற்கொண்டு களைபவர் எதிராளியின் கருத்துக்குள் நுழைந்து, அது எதுவரை சரியாகச் செல்கிறது என்பதை உள்ளிருந்தே காட்டி, அது தடைப்படும் இடத்தில் நின்று தம் கருத்தைத் தொடங்குகிறார். நாம் அன்றாடம் வாசிக்கும் கட்டுரைகளில் முன்னது மலிந்திருக்கிறது, பின்னது அரிது. எதிராளியின் கருத்தை அவரே ஒப்பும்படி எடுத்துச் சொல்லும் பத்தி ஒன்று கட்டுரையில் இருக்கிறதா என்று பார்ப்பதே ஒருவருடைய எழுத்தை எடைபோட நான் கைக்கொள்ளும் முதல் சோதனை.

எழுதுபவர் மீது எழும் நம்பிக்கையும் இதிலிருந்தே பிறக்கிறது. அவருடைய முந்தைய புகழால் வரும் நம்பிக்கையைத் தாம் கருதவில்லை என்றும், அந்தப் பேச்சின் வழியாகவே உண்டாகும் நம்பிக்கையைத்தான் கருதுவதாகவும் அரிஸ்டாட்டில் தெளிவாகச் சொல்கிறார். தமக்குப் பாதகமான செய்தியை மறைக்காமல் சொல்பவர், "எப்போதும்" என்று சொல்ல வாய்ப்பிருந்தும் "பெரும்பாலும்" என்று நிறுத்திக்கொள்பவர், தம் கூற்று பொருந்தாத இடத்தைத் தாமே குறிப்பிடுபவர் ஆகியோரை நாம் நம்புகிறோம். டூல்மினின் வரையறைச் சொல்லும் விலக்கும் தருக்க உறுப்புகள் மட்டும் அல்ல. அவை எழுதுபவரின் குணத்தையும் காட்டுகின்றன.

உணர்ச்சியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தனி ஒருவரின் துயரக் கதையுடன் தொடங்கும் கட்டுரையை வாசிக்கும்போது அந்தக் கதை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். பலருக்கு நேர்வதன் ஒரு மாதிரியாக அது நிற்கிறதா, அல்லது அரிதாக நேர்ந்த ஒன்று பலருக்கும் நேர்வதுபோல் காட்டப்படுகிறதா என்பது கட்டுரையின் பிற்பகுதியில் வரும் எண்ணிக்கைகளிலிருந்து தெரிந்துவிடும். எண்ணிக்கையே வராவிட்டால் ஐயுறுவதில் தவறில்லை.

மறுமொழி: ஓரக்குறிப்பு

மூவருக்கும் மிக்க நன்றி. தாங்கும் வாக்கியம் வாசகரிடம் இருக்கிறது என்ற விளக்கம் பல நாள் குழப்பத்தைத் தீர்த்தது. இடைவரி அவர்கள் எடுத்துக்கொண்ட நூலகப் பொருளிலேயே ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். தயைகூர்ந்து பிரித்துக் காட்டுங்கள்.

"வாசிக்கும் பழக்கம் மக்களிடையே குறைந்து வருகிறது. வேலை முடிந்து வீடு திரும்புவோர் மீதி நேரத்தைத் திரைகளின் முன்னே கழிக்கின்றனர். நூல்கள் சிந்தனையை ஆழப்படுத்துகின்றன, அமைதியைத் தருகின்றன. எனவே பொது நூலகங்களை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைப்பது இன்றியமையாதது."

இதனோடு ஓர் ஐயமும் உண்டு. பிணைப்பு ஒரு செய்தியாக இருந்தால் சான்று தேடலாம். அது மதிப்பீடாக இருந்து, வாசகர் அதை ஏற்காதவராக இருந்தால் என்ன செய்வது? "நூலகத்தின் கடமை இதுவன்று, வரிப்பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதே அதன் கடமை" என்று ஒருவர் சொன்னால் வாதம் அத்துடன் முடிந்துவிடுகிறதே?

பதில்: இடைவரி

பத்தியைப் பார்ப்போம். வாசிப்பு குறைகிறது என்பதிலிருந்து நூலக நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்பதற்குச் செல்ல எதை நம்ப வேண்டும்? மக்கள் வாசிக்காமைக்குக் காரணம் நூலகம் மூடியிருப்பதே என்று நம்ப வேண்டும். ஆனால் தங்களுடைய இரண்டாவது வாக்கியமே அதற்கு எதிராகப் பேசுகிறது. திரைகளின் முன்னே அமர்வோர் விரும்பித்தான் அமர்கிறார்கள் என்றால், ஒன்பது மணி வரை திறந்திருக்கும் நூலகத்துக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? காரணமும் கூற்றும் ஒன்றையொன்று தாங்கவில்லை. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அருகருகே நிற்கின்றன. தங்கள் வாசகர்கள் "எல்லாம் சரிதான்" என்று சொல்லிவிட்டு மாறாமல் இருப்பதன் காரணமும் இதுவாக இருக்கலாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே ஒப்புகிறார்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாக்கியம் உண்மையானது. இந்த வாதத்துக்குத் தேவையற்றது. நூல்களின் பெருமையை மறுப்பவர் எவரும் இங்கே எதிர்த்தரப்பில் இல்லை.

பதில்: மெய்ப்புத்திருத்துநர்

பிறர் எழுதியவற்றைச் செம்மையாக்குவது என் தொழில் என்பதால் செய்முறையாக ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துவிட்டு, கூற்று இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். மறைத்தும் எதுவும் மாறவில்லையென்றால் அந்த வாக்கியம் வாதத்தில் பங்கேற்கவில்லை. நடையழகுக்காக அது இருக்கலாம், தவறில்லை. ஆனால் அதைக் காரணமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் "மற்றொன்று விரித்தல்" என்று ஒன்று உண்டு. என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படுவது அதுதான். "கூறியது கூறல்" அதற்கு அடுத்தபடி. மேலே உள்ள பத்தியில் முதல் மூன்று வாக்கியங்களையும் மறைத்துப் பார்த்தேன். கூற்று முன்பு இருந்தபடியே இருக்கிறது, அதாவது தனியாக.

எழுதுகோல் அவர்களின் சோதனையையும் சேர்த்துக்கொண்டால், எதிர்த்தரப்பார் இங்கே என்ன சொல்வார் என்ற பத்தி முற்றிலும் இல்லை. கூடுதல் ஊதியம், மின்செலவு, இரவில் வருவோர் மிகச் சிலராக இருக்கலாம் என்னும் அச்சம் ஆகிய மூன்றும் வாசகர் மனத்தில் முதல் வரியிலேயே எழுந்துவிடும்.

பதில்: மறுதலை

மதிப்பீடு மாறுபடும்போது என்ன செய்வது என்ற ஐயத்துக்கு என் கருத்து இது. மாறுபடுபவரிடம் நம் மதிப்பீட்டையே மீண்டும் மீண்டும் உரத்துச் சொல்வது வீண் வேலை. வரிப்பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதே அவருடைய பிணைப்பு என்றால், அதையே தாங்கள் மேற்கொள்ளுங்கள். அதிலிருந்து தங்கள் கூற்றுக்கு வழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கட்டடத்துக்கும் நூல்களுக்கும் ஏற்கெனவே செலவிட்டாகிவிட்டது. வரிசெலுத்துவோரில் பெரும் பகுதியினர் வேலைக்குச் செல்லும் நேரத்தில் மட்டும் அது திறந்திருந்தால், செலவிட்டவர்களே அதைப் பயன்படுத்த இயலாத நிலை உண்டாகிறது. காலையில் குறைவானோர் வரும் நேரத்தைக் குறைத்து அதை இரவுக்கு மாற்றினால் ஊதியச் செலவு பெரிதும் ஏறாது. அவ்வாறு எழுதினால் சிக்கனத்தை விரும்புபவர் தம் மதிப்பீட்டை விட்டுக்கொடுக்காமலே தங்கள் பக்கம் வர இடமிருக்கிறது. இதனால் தங்கள் கூற்றும் சற்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். "ஒன்பது மணி வரை நீட்டிக்க வேண்டும்" என்பது "நேரத்தை மாற்றியமைக்க வேண்டும்" என்று ஆகியிருக்கிறது. எல்லா மதிப்பீடுகளுக்கும் இப்படி வழி கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கிடைக்காதபோது, இந்த வாசகருக்காக நாம் எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டு, இன்னும் முடிவு செய்யாதவரை மனத்திற்கொண்டு எழுதலாம்.

இன்னொன்று. காலையில் வருவோர் குறைவு என்று மேலே நான் எழுதியது இப்போதைக்கு வெறும் ஊகமே. கட்டுரையில் அதைச் சேர்ப்பதற்கு முன், நூலகத்தின் வருகைப் பதிவேட்டிலிருந்து மணிவாரியான எண்ணிக்கையைப் பெற்றுக்கொள்ளுங்கள். இரவிலும் திறந்திருக்கும் வேறொரு நூலகத்தின் எண்ணிக்கை கிடைத்தால் அது தங்களுக்கு அடுக்களை. நேரத்தை நீட்டித்தும் வருகை கூடாத நூலகம் ஏதேனும் இருக்குமானால் அதையும் தேடிப் பிடித்து, அங்கே ஏன் கூடவில்லை என்று பாருங்கள். அந்த விடையை எந்தப் பத்தியில் வைப்பது என்பதைப் பிறகு பேசலாம்.